நெல்லிக்காய் அளவு வெல்லம்

புளிக்குழம்பு நுரைத்துப் பொங்கி அடங்கும் நேரம் பார்த்து தேவகி கூடத்துப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். உப்பு ஜாடிக்குப் பின்னால் இருந்த டப்பாவைத் திறந்து, நெல்லிக்காய் அளவு வெல்லத்தை எடுத்துக் குழம்பில் போட்டு இரண்டு சுற்றுக் கிளறினாள். இருபத்தைந்து வருடமாக அவள் கை இதை ஒருவருக்கும் தெரியாமல்தான் செய்துவந்திருக்கிறது. தெருவில் எந்த வீட்டு விசேஷமானாலும் குழம்புக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். என்ன போடுகிறாய் என்று கேட்டவர்களிடம், 'கைராசி' என்று சொல்லிச் சிரித்துவிடுவாள். கூடத்தில் தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்றில் கணவர் மாணிக்கவேல், இன்னொன்றில் மகன் கமலக்கண்ணன். மருமகள் ரேணுகாதேவி ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். களம்பூரிலிருந்து வந்த பெண், பி.ஏ. படித்தவள். தறிச்சத்தத்துக்குப் பழகாதவள் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் இரண்டே மாதத்தில் பட்டு இழை அவள் விரலுக்குப் பழகிவிட்டிருந்தது.

கல்யாணத்தன்று பாலும் பழமும் கொடுத்தபோது அவள் கிண்ணத்தை உதட்டில் வைத்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று இரண்டு பேர் காதைக் கடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் அவளே அடுப்படிக்கு வந்து மெதுவாகச் சொன்னாள்.

"அத்தை, எனக்கு சின்ன வயசுலேர்ந்து இனிப்பு ஒத்துக்காது. சாப்ட்டா வயித்த பொரட்டிகினு வந்துடும். பழம்கூட அப்டிதான். எங்கூட்ல யாரும் வற்புறுத்த மாட்டாங்க."

"அதுக்கின்னாமா. உனக்கு ஆவாதத நான் ஏன் போடப்போறேன்" என்றாள் தேவகி.

சொன்னபடியே அவளுக்குச் சர்க்கரை போடாத காப்பி கலந்தாள். பலகாரம் எதையும் அவள் பக்கம் நீட்டவில்லை. வெல்லத்தைப் பற்றித் தேவகி யோசிக்கவே இல்லை. பாயசத்தில் இருந்தால் அது இனிப்பு. குழம்பில் போட்டால் அது குழம்பு. புளிப்பின் முரட்டுத்தனத்தைத் தட்டி உட்காரவைக்கிற ஒரு கை. ரசத்திலும் கொஞ்சம், தேங்காய்ச் சட்னியிலும் கொஞ்சம், இட்லிப்பொடி இடிக்கும்போதும் கொஞ்சம். நாக்கில் இனிக்காத ஒன்றை இனிப்பு என்று யார் சொல்வார்கள்?

ரேணு நாளுக்கு நாள் இளைத்தாள். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முகம் வெளுத்து, ராட்டையின் முன்னாலேயே தூங்கி விழுந்தாள். ஒரு வியாழக்கிழமை சாப்பிட்டு அரைமணி நேரத்தில் பின்கட்டுக்கு ஓடி வாந்தி எடுத்தாள். சுவருக்கு மறுபக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த அபிதகுசாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏ தேவகி, மரமாட்டம் நின்னுகினு கீற. நாள் கணக்கு பாத்தியா?"

தேவகி பார்த்தாள். பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சாயங்காலமே மாதுளம்பழம் நாலு வாங்கிவரச் சொல்லி, உதிர்த்துப் பிழிந்து, தேனும் இரண்டு சொட்டு விட்டு டம்ளரில் கொண்டுவந்தாள்.

"ஒத்துக்காது அத்தை."

"உனக்கில்லமா. உள்ள கீறதுக்கு."

ரேணு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிப்பதுபோல் ஒரே மூச்சில் குடித்துவிட்டாள். மறுநாளும் குடித்தாள். மூன்றாம் நாள் காலை குடித்தபோது உடம்பெல்லாம் வியர்த்து, கை உதறி, கூடத்திலேயே சுருண்டு விழுந்தாள். கமலக்கண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். உள்ளூர் டாக்டர் ஊசி போட்டுவிட்டு, ஜல்தியாக வேலூருக்குக் கொண்டுபோங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வேலூரில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கர்ப்பம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். இரண்டாம் நாள் ரேணுவுக்கு மாதவிலக்கு வந்து அது உறுதியாகிவிட்டது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தேவகி போர்வையை இழுத்துவிட்டதோடு சரி.

அன்று மாலை ஒரு பெண் டாக்டர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறக்கச் சொல்லி விளக்கு அடித்துப் பார்த்தார். "இருபத்திரண்டு வயசுல ஒரு சொத்தைப் பல்லுகூட இல்லையே. முட்டாய் சாப்ட்டதே இல்லையா?" என்று கேட்டார். ரேணு இல்லை என்று தலையாட்டினாள். டாக்டர் சின்ன வயதிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கடைசியில், "வீட்ல குழம்பு, ரசத்துல வெல்லம் சேப்பாங்களா?" என்றார்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் ரேணு. "எங்க அத்தைகிட்ட நான் வந்ததுமே சொல்லிட்டேன். எனக்கு ஆவாதத அவங்க போடமாட்டாங்க."

டாக்டரின் பேனா 'இல்லை' என்று எழுதத் தொடங்கியது. தேவகி அந்தப் பேனாவைப் பார்த்தாள். மகன் பக்கத்தில் நிற்கிறான். சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் போடாமல் நிறுத்திவிட்டால் போயிற்று.

"போடுவேங்க" என்றாள்.

ரேணு திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவகி தாங்கியிருப்பாள்.

"தெனமும் போடுவேன். குழம்புல, ரசத்துல, சட்னில. அது இனிப்புல சேத்தின்னு எனக்குத் தோணலீங்க."

டாக்டர் அடித்துவிட்டு மாற்றி எழுதினார். பரிசோதனை முடிவு வரட்டும், ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை என்று சொல்லி விளக்கினார். சர்க்கரையில் பாதி பழச்சர்க்கரை. அதை உடைக்கிற சத்து சிலபேருடைய ஈரலில் பிறவியிலேயே இருக்காது. வெல்லம், தேன், பழம், கேரட், பீட்ரூட், தக்காளி எல்லாவற்றிலும் அது இருக்கிறது. புளியும் பழம்தானே, அதிலும் உண்டு. பாட்டில் மருந்தில்கூட இருக்கும். "நாக்கு கண்டுபிடிக்கும்னு நம்பாதீங்கம்மா. ஜாக்கிரதையா இருந்தா குழந்தை பெத்துக்க ஒரு தடையும் இல்ல."

வீடு திரும்பும்போது பஸ் கண்ணமங்கலம் தாண்டி ஆரணி வரும்வரை ரேணு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. 'அத்தை, அத்தை' என்று அதே மரியாதைதான். ஆனால் சாப்பிடும்போது தட்டில் சோற்றைத் தானே போட்டுக்கொண்டு, உப்பும் மோரும் தானே சேர்த்துக்கொண்டாள். தினமும் இரண்டு உருளைக்கிழங்கைத் தன் கையாலேயே வேகவைத்துக்கொண்டாள். தேவகி கரண்டியோடு வந்தால், "போதும் அத்தை" என்று கையைத் தட்டின் மேல் விரித்து வைத்தாள். அந்த விரித்த கையைப் பார்த்துப் பார்த்து தேவகிக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

"திட்டினாகூட பரவால்லடா" என்றாள் மகனிடம்.

"அவ என்கிட்டயும் ஒண்ணும் சொல்லல மா. அதான் எனக்கும் பேஜாரா கீது" என்றான் கமலக்கண்ணன், அறுந்த இழையை முடிந்துகொண்டே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவகி அலமாரியில் இருந்த பொட்டலம், டப்பா, பாட்டில் அத்தனையையும் இறக்கிக் கூடத்தில் பரப்பினாள். ராட்டை முன்னால் இருந்தவளைக் கூப்பிட்டாள்.

"நீ படிச்ச பொண்ணு. இதுல இன்னா எழுதிகிதுன்னு ஒண்ணொண்ணா சொல்லு. எனக்கு இங்கிலீசு தெரியாது."

ரேணு தயங்கி வந்து உட்கார்ந்தாள். ரொட்டியில் சர்க்கரை இருந்தது. சத்துமாவு டின்னில் இருந்தது. இருமல் மருந்தில் அதுதான் முதல் வரியிலேயே இருந்தது. தேவகி ஒவ்வொன்றையும் வாங்கி இடதுபக்கம் வைத்துக்கொண்டே வந்தாள். வலதுபக்கம் மிளகு, சீரகம், பருப்பு என்று கொஞ்சம்தான் சேர்ந்தது.

"உப்பு பிஸ்கட்லயும் போட்டுகிறான் அத்தை."

"உப்புக்கு எதுக்குடி சக்கரை?"

"புளிக்கு எதுக்கு வெல்லம்?"

சொல்லிவிட்டு ரேணு குனிந்துகொண்டாள். அவள் சிரித்தாளா, குத்தினாளா என்று தேவகிக்குப் புரியவில்லை. எப்படி இருந்தாலும் வேலூரிலிருந்து திரும்பிய பிறகு அவள் பேசிய உண்மையான பேச்சு அது ஒன்றுதான் என்று தோன்றியது. "அகம்புடிச்ச கைக்குத்தான்" என்றாள். "நாலு பேரு மெச்சணும்னு போட்டது."

ரேணு அடுத்த பொட்டலத்தை எடுத்தாள்.

மறுநாளிலிருந்து அந்த வீட்டில் புளி கரைக்கவில்லை. ரேணுவுக்குத் தனியாக ஒரு குண்டான் வைத்தால் போதாதா என்றார் மாணிக்கவேல். "ரெண்டு கொழம்புக்கும் ஒரே கைதானே. கரண்டி மாறிடும். எல்லாருக்கும் ஒரே கொழம்புதான்" என்றாள் தேவகி. அபிதகுசாம்பாள் விஷயம் கேள்விப்பட்டு, "இத்தினி வருசமா வெல்லத்த போட்டுகினு கைராசின்னியே, கில்லாடி" என்று சுவருக்கு மேலாகச் சிரித்தாள். தேவகியும் சேர்ந்து சிரித்துவைத்தாள். புளித்த தயிரையே புளிப்பாக வைத்துக்கொண்டு முதலில் செய்த மோர்க்குழம்பு திரிந்துபோனது. இரண்டாவது கசந்தது. "தேவகி, இது கொழம்பா, பரிகாரமா?" என்று மாணிக்கவேல் கேட்டார். கேட்டுவிட்டுச் சாப்பிட்டார். நாற்பத்தெட்டு வயதில் அவள் புது மருமகள்போலத் தன் அடுப்பின் முன்னால் பயந்து நின்றாள்.

எட்டாவதோ ஒன்பதாவதோ நாள். ஆண்கள் சாப்பிட்டுத் தறிக்குப் போய்விட்டிருந்தார்கள். ரேணு தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு மோர்க் கிண்ணத்துக்குக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்தி மோர்க்குழம்புக் குண்டானைக் காட்டினாள்.

"இதுல இன்னா இன்னா கீது அத்தை?"

அவள் கேட்டது அதுவே முதல்முறை. தேவகி ஒவ்வொரு விரலாக மடக்கிச் சொன்னாள். "தயிரு. தொவரம்பருப்பும் அரிசியும் ஊறவெச்சி அரைச்சது. பச்சமொளகா, சீரகம், மஞ்சத்தூளு, உப்பு. கொஞ்சம் கீரைத்தண்டு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

ரேணு கரண்டியைத் தானே எடுக்கவில்லை. தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள். தேவகி ஊற்றினாள். பிறகு தனக்கும் ஒரு தட்டு எடுத்துவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. ஆகாதது உள்ளே போயிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும் அந்த அரைமணி நேரத்தை இரண்டு பேருமே அறிவார்கள். சுவர்க்கடிகாரத்தை ரேணு ஒருமுறை பார்த்தாள். தேவகி பார்க்காததுபோல் இருந்தாள். வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. பத்து நிமிடம் ஆகியிருக்கும். ரேணுவின் நெற்றியில் அரும்பிய வியர்வை அன்றைக்கு வந்ததுபோலவா, வெயில் காலத்துப் புழுக்கத்தாலா என்று தேவகி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேணு நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் சுவரில் சாய்ந்துகொண்டு, சோறு காய்ந்து ஒட்டியிருந்த தன் கையை எடுத்து, அதேபோல் காய்ந்திருந்த மாமியாரின் கைக்குள் வைத்தாள். கூடத்தில் தறி நின்று, மறுபடி ஓடத் தொடங்கியது. தேவகி மூச்சை மெல்ல விட்டாள். கையை அசைக்கவில்லை.