ஓர் ஊசி மருந்துக்கு உத்தரவு

விடியற்காலை நாலு மணியிலிருந்து சந்திரம்மாள் பச்சையம்மாளின் அடிவயிற்றை அமுக்கிப் பிசைந்துகொண்டிருந்தாள். பிள்ளை பிறந்து அழுதும்விட்டது. ரத்தம்தான் நிற்கவில்லை. கோணிச்சாக்கு ஊறி, மண்தரையில் வழிந்து, மண்டியிட்டிருந்தவளின் வெள்ளைப் புடவையை நனைத்தது. தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தும் அவள் கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாகக் கிராமத்து நர்ஸ் அவள். ரத்தத்தை நிறுத்த ஓர் ஊசி மருந்து உண்டு, போடவும் தெரியும். ஆனால் டாக்டர் எழுதாமல் நர்ஸ் கைக்கு அது வராது. ஐந்து மைல் தள்ளி ஆஸ்பத்திரி அலமாரியில் பூட்டிக் கிடந்தது. டாக்டர் திருவண்ணாமலையில் தன் சொந்த கிளினிக்கில் இருக்கிறார் என்ற சேதியோடு சைக்கிளில் போன ஆள் வெறுங்கையாய்த் திரும்பியபோது, பச்சையம்மாளின் உடம்பு சில்லிட்டிருந்தது.

செத்தவளின் புருஷன் வேடியப்பன் உலக்கையை எடுத்தான். முதல் அடியில் சந்திரம்மாளின் இடது முழங்கை நொறுங்கியது. அடுத்தது விலாவில். ஊர் ஜனம் இழுத்துப் பிடிக்கும்வரை அவன் ஓயவில்லை.

மூன்றாம் நாள் அந்த டாக்டர் இராமலிங்கம் அவளை ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து ஒரு தாளை நீட்டினார். பிரசவத்துக்குத் தாமதமாகப் போனேன் என்று அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போடு. வேலையாவது மிஞ்சும்.”

“நான் லேட்டாப் போவலைங்க. மருந்துதான் வரலை. பயிற்சி குடுங்க, ஆபத்துக்கு நாங்களே மருந்து எழுதிப் போட உத்தரவு குடுங்கனு எண்பதாம் வருஷத்துலேருந்து மூணு மனு குடுத்துட்டோம்.”

“நீங்கள்லாம் மருந்து எழுதினா, நாங்க எதுக்கு?”

“நீங்க இருந்தா நாங்க ஏங்க கேக்கப்போறோம்?”

டாக்டர் காவலாளைப் பார்த்தார். அவன் அவளை உடைந்த கையோடு தரதரவென்று இழுத்து வெளியே தள்ளினான். அவளுக்குத் துணையாக வந்து வாசலில் காத்திருந்த பதினோரு கிராமத்து நர்ஸுகளும் குறுக்கே பாய்ந்தார்கள். அவன் தடி அவர்களில் தங்கம்மாளின் மண்டையைப் பிளந்தது. முந்தானையால் காயத்தை இறுக்கிக்கொண்டு அவள் கேட்டை மறித்து உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

சந்திரம்மாள்மேல் புகார் எழுதிக் கொடுக்க வந்திருந்த வேடியப்பன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நர்ஸம்மா, அந்த மருந்து இங்கதான் இருந்துச்சா?”

“ஆமாம்பா. இந்தச் செவுத்துக்கு அந்தாண்ட.”

அவன் குனிந்து கருங்கல் ஒன்றைத் தூக்கினான். டாக்டரின் அறையை நோக்கிப் போனவனின் வேட்டியைச் சந்திரம்மாள் பிடித்துக்கொண்டாள்.

“அவரு மண்டையை ஒடைச்சா நீ ஜெயிலுக்குப் போவே. அலமாரி பூட்டியேதான் இருக்கும். உக்காருப்பா.”

கல் கீழே விழுந்தது.

போலீஸ் வண்டி வந்து நின்றது. பெண்கள் கை கோத்துக்கொண்டார்கள். சந்திரம்மாளின் இடப்பக்கம் கோக்கக் கையில்லை. வேடியப்பன் நகர்ந்து வந்து, மாவுக்கட்டுப் போட்ட அந்தக் கைக்கு மறைப்பாகத் தன் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தான். லத்தி இனி அவனைத் தாண்டித்தான் அவளிடம் வரவேண்டும்.