மேட்டுப் புழுதி

ஷாலினிக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது மாரிகுப்பத்தில் ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. தங்கச் சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் மட்டும் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் மேடாக நின்றது. காற்றடித்தால் அந்த மாவுப்புழுதி சோற்றுப் பானை வரை வந்து படியும்.

"இன்னாங்க, மூச்சு முட்டுது. பங்காரப்பேட்டைல அக்கா வூட்டுக்குப் போயிடலாமா? பிரசவம் ஆவற வரைக்குந்தான்."

பெங்களூர் வேலைக்கு ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் இருந்தான் ராகுலன்.

"எங்கம்மா என்னை இங்கதான் பெத்தாங்க. எனக்கு இன்னா ஆயிப்போச்சு? ஜன்னல சாத்திக்கோ."

அவன் போகும் ரயில் பங்காரப்பேட்டை வழியாகத்தான் போகும். அங்கே தங்கினால் அவனுக்கும் அலைச்சல் குறைவு. ஆனால் பெண்டாட்டியின் அக்கா வீட்டில் போய் உட்காருவது கௌரவக் குறைச்சல் என்று நினைத்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஷாலினி ஜன்னலைச் சாத்தினாள். கதவிடுக்கில் ஈரத்துணி செருகினாள். இருமிக்கொண்டே தினம் இரண்டு வேளை வீட்டைப் பெருக்கினாள். எட்டாம் மாதமே வலி கண்டுவிட்டது.

பிறந்த மாயா ஒன்றரைக் கிலோகூட இல்லை. இருபத்து மூன்று நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். அவர்கள் வீடு எங்கே என்று விசாரித்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா வயித்துல புள்ள இருக்கறப்ப அம்மா இழுக்கற தூசி, புள்ளையோட எடையையும் நுரையீரலையும் பாதிக்கும்."

ராகுலன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். 'நான் அப்பவே சொன்னேன்' என்று அவள் சொல்லியிருக்கலாம்.

"வூட்டாண்ட தூசு ஜாஸ்திங்க" என்றதோடு அவள் நிறுத்திக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பங்காரப்பேட்டைக்கே குடிபோனார்கள். காற்று மாறியது, மாயாவின் மூச்சு மாறவில்லை. குளிர் தொடங்கினால் நெஞ்சு கீச்சிடும். நாலு வயதில் மற்றப் பிள்ளைகள் தெருவில் ஓடும்போது அவள் வாசற்படியில் உட்கார்ந்து கைதட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் பார்க்காதபோது அவளும் ஓடிவிட்டாள். உதடு நீலம் பாரித்து, தெருமுனையில் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். ராகுலன் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். மருந்துப்புகை விடும் மிஷினைப் போட்டு ஷாலினி முகமூடியைப் பொருத்தினாள். அரைமணி கழித்துத்தான் குழந்தையின் உதட்டில் நிறம் திரும்பியது.

"நீ கேட்டப்பவே கூட்டிக்கினு வந்திருக்கணும்" என்றான் ராகுலன். நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை. "கௌரவம் பார்த்தேன். என்னைத் திட்டிடு ஷாலினி."

"திட்டினா அவளுக்கு மூச்சு வந்துடுமா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கும் கோவம் கீதுங்க. உங்க மேல, என் மேலயும். தனியாவாச்சும் கெளம்பி வந்திருக்கலாமேன்னு தினம் நெனைக்கிறேன்."

குழந்தையின் முகத்தில் அவள் பிடித்திருந்த முகமூடியை ராகுலன் தன் கையில் வாங்கிக்கொண்டான். அவள் சுவரில் சாய்ந்து முதல்முறையாக அவன் எதிரில் வாய்விட்டு அழுதாள். அப்பாவின் மடியில் மாயா கண்ணயரும்வரை அவன் முகமூடியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.