ஈரம் குடிக்கும் மணிகள்

பனிக்கட்டிப் பாளத்தைச் சாக்கில் சுற்றி மாடிப்படியேறி வந்தவன், கூடத்து வாசலில் நின்று, “கேமராவுக்கா, மாதாஜி?” என்று இந்தியில் கேட்டான். ருக்மிணி விலகி நின்றாள். தரையில் கிடத்தியிருந்த அவள் கணவர் சேஷனைக் கண்டதும் அவன் தலைத்துண்டை அவிழ்த்தான்.

விடியற்காலையில் மாரடைப்பு. மகன் ஜெயராம் சிங்கப்பூரிலிருந்து வந்துசேர மாலையாகும். மே மாதம். அதுவரை உடல் தாங்க வேண்டும்.

ஆறு கோடைகளாக இதே ஆள் கொண்டுவந்த பனிக்கட்டி மொட்டைமாடியில் இருந்த கேமராவுக்குத்தான் போயிற்று. விண்மீனைத் தொடரும் தொலைநோக்கி இம்மி பிசகினாலும் கண்டுபிடித்துத் திருத்தும் கேமரா அது. அமைச்சக எழுத்தர் வேலை போக எஞ்சிய நேரத்தில் சேஷன் தம் கையால் செய்தது. சூடேறினால் இல்லாத விண்மீன்களையெல்லாம் காட்டும். ஆகவே ஒரு வாளி பனிநீர். அதைக் கேமராவுக்குச் செலுத்த, பழைய ஏர்கூலரின் பம்பு.

பத்து மணிக்குப் பத்மநாபன் வந்தார். ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி. ஞாயிறுதோறும் இக்கூடத்தில் காப்பி குடித்தவர். சென்ற ஆண்டு இந்தக் கேமராவைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார், தம் பெயரில். கடைசி வரியில் சேஷனுக்கு நன்றி. “கட்டுரையில ஒரு யூ.டி.சி. குமாஸ்தா பேரைப் போட்டா எவன் ஒத்துப்பான், மாமி?” என்று சிரித்தார். சேஷனும் சேர்ந்து சிரித்தார். ருக்மிணி சிரிக்கவில்லை.

மாலையைச் சார்த்திவிட்டு அவர் சமையலறை வாசலுக்கு வந்தார்.

“இப்ப கேக்கறது தப்புதான், மாமி. கேமரா மாடியிலதானே இருக்கு? அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரா வரா. ஓட்டிக் காட்டணும். ஜெயராம் வந்தா அப்பா ஞாபகம்னு எடுத்து வெச்சுப்பான்.”

“அவரையே இன்னும் எடுக்கலை.”

“சேஷன் இருந்தா அவரே குடுத்திருப்பார்.”

அது உண்மை. அந்த உண்மைதான் அவளை எரித்தது.

அடுப்பு மேடையில் ஊறுகாய் பாட்டில் நிறைய நீல மணிகள் இருந்தன. கேமராவின் உள்ளறை ஈரத்தைக் குடிப்பவை. குடித்து நிறைந்தால் இளஞ்சிவப்பாகும். அந்நிலையில் குளிரவைத்தால் உள்ளே உறைபனி படர்ந்து கேமரா குருடாகிவிடும். பழைய தோசைக்கல்லில் மீண்டும் நீலமாகும்வரை வறுத்துக் கொடுப்பது அவள் வேலை. நேற்று மாலையும் வறுத்தாள். “நாளைக்குக் கேமராவில மாத்திடறேன்” என்றிருந்தார் சேஷன்.

“குளிர வைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ணணும்னு தெரியுமோல்லியோ?”

“என்ன இருக்கு, மாமி? ஸ்விட்சைப் போட்டா அதுவே குளிரும். நான்தானே எழுதியிருக்கேன்!”

ருக்மிணி மாடியேறிச் சென்று கேமராவைத் தானே எடுத்து வந்தாள். பக்கவாட்டுக் கண்ணாடித் துளையில் மணிகள் அத்தனையும் சிவந்திருந்தன. புடவைத் தலைப்பால் துடைத்து அவர் கையில் வைத்தாள்.

“வேற ஏதாவது இருக்கா, மாமி?”

“ஒண்ணும் இல்லை. பத்திரமா எடுத்துண்டு போங்கோ.”

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்தது. அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பனிக்கட்டி கரைந்து சேஷனின் வேட்டிக் கரை நனைந்திருந்தது. ஒரு தட்டில் மணிகளைப் பரப்பி, அவர் வலக்கையருகே வைத்தாள்.

ஜெயராமின் டாக்சி வாசலில் நின்றபோது, ஓரத்து மணிகள் சிவக்கத் தொடங்கியிருந்தன.