அத்தையின் நாற்காலி

“அத்தை நாற்காலியக் கொண்டாந்து பெட்டிப் பக்கத்துல போடுங்கப்பா.”

ஹால் நடுவில் நின்று, பத்துப் பேர் காதுபடக் கேட்டுவிட்டாள் ஷோபா. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோகிற வரைக்கும் அந்தப் பேச்சை எடுக்கவே கூடாதென்று விடிகாலையிலேயே அப்பா சவரிமுத்து சொல்லியிருந்தார்.

“சும்னிரு, வாய மூடு,” என்று அப்பா பல்லைக் கடித்தார். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அடுகோடி சிக்னல் தாண்டிட்டாங்களாம்.”

ஐஸ் பெட்டிக்குள் ஹெலன் அத்தை. இடுப்புக்குக் கீழே வெள்ளைப் போர்வை. அதற்குள் இரண்டு கால்களும் நல்ல பருமனாகத் தெரிந்தன. அம்மா டவல் சுருட்டி வைத்திருந்தாள். ஐம்பது வருஷம் சூம்பிக் கிடந்த கால்களுக்குச் செத்த பிறகு சதை பிடித்திருந்தது. வாசல் பேனரில் கழுத்துக்கு மேலேதான் அத்தை. நாற்காலிச் சக்கரங்களை வெட்டிவிட்டுப் படத்தைப் பிரிண்டுக்கு அனுப்பியது ஷோபாதான். அந்த வீட்டில் டிகிரி முடித்தவள் அவள் ஒருத்திதானே.

கோலார் தங்கவயலில் இரண்டு வயசில் போலியோ வந்தவள் அத்தை. பத்தாவதோடு படிப்பு நின்றது. மேல்வகுப்பு மாடியில் இருந்தது. அப்புறம் எழுத ஆரம்பித்தாள். ஏற முடியாத பஸ், நுழைய முடியாத பேங்க், நாற்காலி திரும்பாத கக்கூஸ், எதையும் விடவில்லை. மனு, கேஸ், மூன்று புத்தகம். “ஊர்ப் படியெல்லாம் இடிச்சிட்டேன்டி. உங்கப்பன் கட்டின மூணு படிதான் பாக்கி,” என்று சிரிப்பாள்.

அந்த மூன்று படிக்குக் கீழே, தெருவில், அத்தையோடு ஊனமுற்றோர் சங்கத்தில் இருந்த கோவிந்தராஜன் தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். “உள்ள வாங்கன்னு மட்டும் சொல்லிடாதம்மா. சாவு வீட்ல சிரிச்சுத் தொலைச்சிருவேன்,” என்றிருந்தார் ஷோபாவிடம்.

போன மாசம் பெண் பார்க்க வந்த அன்று, “வீட்ல ஊனம்னு தெரிஞ்சா ஓடிருவாங்க,” என்றார் அப்பா. அத்தையைப் பின்ரூமில் விட்டு வெளியே தாழ் போட்டது ஷோபா. “அரை மணி நேரந்தான் அத்தை. எழுதிக்கிட்டிருங்க.” வந்தவர்கள் மூன்று மணி நேரம் இருந்தார்கள். மாப்பிள்ளை விஜய்குமார் சொன்ன ஆபீஸ் ஜோக்குக்கெல்லாம் அவள் சிரித்தாள். தாழைத் திறந்தபோது மூத்திர வாடை. நாற்காலிக்கடியில் ஈரம் கட்டி நின்றது. ஊரெல்லாம் கக்கூஸுக்குச் சண்டை போட்டவள் ஒரு தரம்கூடக் கதவைத் தட்டவில்லை.

“பையன் பரவால்லியா?” என்று மட்டும் கேட்டாள்.

“ம்,” என்றாள் ஷோபா. தரையைத் துடைத்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் கார் நின்றது. விஜய்குமாரும் அவன் அம்மாவும் கோவிந்தராஜனைச் சுற்றிக்கொண்டு படியேறினார்கள். அந்த அம்மாள் பெட்டிக்கு மாலை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள்.

“உங்களுக்குத் தங்கச்சி இருக்காங்கன்னு சொல்லவேயில்லியே. ரொம்ப நாளா முடியாம இருந்தாங்களா?”

“சேச்சே. நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவ. திடீர்னு நெஞ்சுவலி.”

ஷோபா பின்ரூமுக்குப் போனாள். அதே தாழ். இன்றைக்கும் வெளியேதான் போட்டிருந்தது. இழுத்தாள். காலி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது சக்கரம் கிறீச்சிட்டது.

“இது யாருதும்மா?” என்றாள் விஜய்குமாரின் அம்மா.

“அத்தையோடது ஆன்ட்டி. இதுலதான் நடமாடினாங்க. நீங்க வந்த அன்னிக்கும் வீட்லதான் இருந்தாங்க. நான்தான் ரூம்ல போட்டுத் தாழ் போட்டேன்.”

விஜய்குமார் தன் அம்மாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். அம்மா எதுவுமே கேட்காதவள் மாதிரி பெட்டிக் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஷோபா, உள்ள கொண்டு போடி,” என்றார் அப்பா.

அவள் வாசலுக்கு வந்து நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பினாள். அத்தை சொல்லிக்கொடுத்த மாதிரி, பெரிய சக்கரம் முதலில். ஒரு படி. இன்னொன்று. மூன்றாவது.

கோவிந்தராஜன் ஸ்கூட்டரை நகர்த்தி இடம் விட்டார். அவர் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, ஷோபா பிரேக்கைப் போட்டாள்.