பச்சைச் சட்டைக்காரன் பேனர்

பொனிமானுக்கு வானத்தைப் பார்த்தாலே பொறுக்காது. தென்கரையில் பாதி வருஷம் அது கழுவாத அலுமினியப் பாத்திரம் மாதிரி மங்கித்தான் கிடக்கும். சோலோ, க்ளாத்தென் போன்ற உள்நாட்டு ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்து, கேமரா முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற குடும்பம் அந்த வானத்துக்கா காசு கொடுக்கும்? அதனால் பாராங்சேலோ கடற்கரையில், மனைவி தர்சினியின் பலகாரக் கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, பொனிமான் வானத்துக்கு நீலம் பூசிக்கொண்டிருந்தான். கேமரா ஒன்று, பழைய கம்ப்யூட்டர் ஒன்று, இருமிக்கொண்டே வேலை செய்கிற பிரிண்டர் ஒன்று. இவற்றை வைத்துக்கொண்டு கறுப்பு மணலைப் பொன்னிறமாக்குவான். ஆளுயர அலையை முழங்காலுக்கு அடக்குவான். குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்த மாமியாரின் வயிற்றை உள்ளே தள்ளுவான். மருமகள் தனியாக வந்து கேட்டுக்கொண்டால் வெளியே தள்ளவும் தெரியும்.

ஆனால் சுற்றுவட்டாரத்தில் அவன் பெயர் பரவியது சட்டை மாற்றுகிற வேலையால்தான். பச்சை உடுத்திக்கொண்டு இந்தக் கரையில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். அது தென்கடல் ராணியின் நிறம். அதைப் போட்டுக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றால், ஊழியத்துக்கு ஆள் வந்திருக்கிறதென்று அழைத்துக்கொண்டு போய்விடுவாள். இது தெரிந்தும் மறந்துபோய் பச்சையில் வந்து படமும் எடுத்துக்கொண்டவர்கள், யாராவது காதில் ஓதியதும் பொனிமானிடம் ஓடி வருவார்கள்.

"அண்ணே, இதை எங்க அம்மா பார்த்தாங்கன்னா அங்கேயே மயங்கி விழுந்துடுவாங்க. ஏதாவது பண்ணுங்கண்ணே."

ஒரே சொடுக்கு. பச்சை சிவப்பாகிவிடும்.

"என்னமோ ராணி உங்க பிரிண்டரையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி," என்பாள் தர்சினி, மணலில் பிடித்த உந்துர்-உந்துர் என்கிற குட்டி நண்டுப் பூச்சிகளை மாவில் தோய்த்து எண்ணெயில் போட்டபடி.

தர்சினியின் ஒரே தம்பி ஜாரோத் கரைக்காவலில் இருந்தான். மூங்கில் கோபுரத்தின் மேல் விசிலோடு உட்கார்ந்திருப்பது, யாராவது மாட்டிக்கொண்டால் குதிப்பது, இதுதான் அவன் உத்தியோகம். அவனுக்கு மச்சானின் படங்களைக் கண்டால் வயிற்றெரிச்சல். கொட்டகைக்கு வெளியே கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கும் படங்களைக் காட்டிக் காட்டிச் சொல்வான்.

"மச்சான், அலை கத்திக்கிட்டு வந்து உடையுது பாருங்க, அங்க விழுந்தா உருட்டி அடிச்சுக் கரையில போட்டுடும். அலையே இல்லாம, பாய் விரிச்ச மாதிரி ஒரு சந்து கிடக்கு பாருங்க, அதுதான் இழுப்பு. கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பிப் போகுது. போறப்ப ஆளையும் கூட்டிட்டுப் போகுது. நீங்க என்னடான்னா கடல் பூராவும் அந்தச் சந்து மாதிரியே ஆக்கி வைக்கிறீங்க. சனங்க உங்க படத்தைப் பார்க்குது, கடலைப் பார்க்குது, படத்துல இருக்கிற மாதிரி இடம் எங்கன்னு தேடுது. நேரா அங்க போய் இறங்குது."

"கலைன்னா உனக்கு என்னடா தெரியும்?" என்பான் பொனிமான். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

போன பெருநாள் விடுமுறையில் அந்தச் சந்து ஒரு கல்லூரி மாணவனைக் கொண்டுபோனது. செய்தியில் வந்துவிட்டது. ஊர்த்தலைவர் சுரோசோ, எல்லோருக்கும் 'பாக்', அதாவது ஐயா, கடற்கரைக் குழுவைக் கூட்டினார். குழு கூடினால் பேனர் வைக்கும், வேறென்ன செய்யும்? பொனிமானைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"ஒரே கடல், ரெண்டு பேனர்," என்றார் பாக் சுரோசோ. "நுழைவாயில்ல வைக்கிறதைப் பார்த்தா ஓடி வரணும். மணல்ல வைக்கிறதைப் பார்த்தா பயப்படணும். ஆனா பயந்து திரும்பிப் போயிடக் கூடாது. அந்த அளவுக்குப் பயம் இருந்தா போதும். புரிஞ்சுதா?"

"அளவாப் போடுறேன் பாக்," என்றான் பொனிமான், குழம்புக்கு உப்புப் போடுகிறவன் போல.

அழகு பேனர் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே நாளில் முடித்தான். ஆபத்து பேனர்தான் படுத்தியது. மூழ்குகிற ஆள் வேண்டும். விளையாட்டுக்குக்கூட அந்தக் கடலில் மூழ்குகிற மாதிரி நிற்க ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஜாரோத் வந்து, தன் சிவப்புக் காவல் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் நின்று கையைத் தூக்கினான். "இதையாவது ஒழுங்காச் செய்ங்க மச்சான்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொனிமான் மூன்று அலைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினான். வானத்தை மசியாக்கினான். ஒரு மின்னலை இழுத்துவிட்டான். எல்லாம் பொருந்தி வந்தது, ஆனாலும் ஏதோ இடித்தது. யோசித்தான். இந்த ஆள் ஏன் மூழ்குகிறான்? வாட்டசாட்டமான இளைஞன், முகத்தில் அசட்டுத்தனம் இல்லை, குடித்தவனாகவும் தெரியவில்லை. பார்க்கிறவனுக்குக் காரணம் புரிய வேண்டாமா? பொனிமான் சட்டையைப் பச்சையாக்கினான். இப்போது படம் பேசியது.

குழு கைதட்டியது. பாக் சுரோசோ அவன் தோளில் தட்டினார். தர்சினி மட்டும் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்தாள்.

"என் தம்பிக்குப் பச்சை மாட்டிக் கடலுக்கு முன்னால நிறுத்தி வச்சிருக்கீங்களே, உங்களுக்கு ஈவு இரக்கம் இருக்கா?"

"படத்துலதானேடி!"

"ஊரார் படத்துல பச்சையைச் சிவப்பாக்கத் தெரியுது. வீட்டுப் பிள்ளை சிவப்பு போட்டுட்டு வந்தா அதைப் பச்சையாக்கத் தோணுதா?"

 பொனிமான், மாட்டிக்கொண்ட கலைஞர்கள் செய்கிற மாதிரி, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டான்.

பேனர் மணலில் ஏறியது. ஊர் எதிர்பார்த்ததை விட அதிகமாகவே வேலை செய்தது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். "ஐயையோ!" என்றார்கள். "பச்சை போட்டிருக்கான் பாரு, அதான்!" என்றார்கள். அப்புறம் குனிந்து தங்கள் உடம்பைப் பார்த்துக்கொண்டார்கள். மஞ்சள், ஊதா, கட்டம் போட்டது. நிம்மதிப் பெருமூச்சு விட்டு, குழந்தை குட்டிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நேராகத் தண்ணீரில் இறங்கினார்கள். இதுவரை கணுக்காலோடு நின்றவர்கள்கூட இப்போது மார்பளவுக்குப் போனார்கள். மகெலாங்கிலிருந்து வந்த ஒரு மனிதர் முன்னெச்சரிக்கைக்காரர். மகளின் பச்சைத் தண்ணீர் பாட்டிலைக் கரையிலேயே விட்டுவிட்டு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீருக்குப் போனார்.

பேனரின் காலடியிலேயே வாகினெம் என்கிற வியாபாரி சிவப்பு பனியன் கடை போட்டாள். "ராணிக்குப் பிடிக்காத சிவப்பு! வாங்க, வாங்க!" ராணிக்குச் சிவப்பு பிடிக்காது என்று அவளிடம் யார் சொன்னார்களோ. ஜாரோத் விசில் ஊதினால் தண்ணீரில் நிற்பவர்கள் பனியனை இழுத்துக் காட்டினார்கள்.

"பச்சை இல்ல தம்பி! சிவப்புதான்! பயப்படாதீங்க!"

ஒரு மாதத்தில் ஜாரோத் தொண்டை கட்டிப்போய், கன்னம் ஒட்டிப்போய் வந்து நின்றான். "அந்தச் சட்டையை மாத்துங்க மச்சான். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். எந்தச் சட்டை போட்டாலும் இழுப்பு இழுக்கும்னு சனத்துக்குத் தெரியணும். தினமும் குதிக்கிறேன். ஒரு நாள் என்னால திரும்பி வர முடியாமப் போயிடும்."

"குழு ஒத்துக்கிட்ட பேனர்டா. நானா கை வைக்க முடியாது."

உண்மை வேறு. குழு அவனிடம் மூன்றாவது பேனர் கேட்டிருந்தது. நெடுஞ்சாலையில், யோக்யா நகரத்திலிருந்து வருகிற எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில், வீட்டுக்கூரை அகலத்துக்கு ஒரு கடல். கீழே மூலையில் அவன் பெயரும் வரும். இந்த நேரத்தில் யாராவது குழுவைப் பகைத்துக்கொள்வானா?

தர்சினி அன்று எண்ணெயை இறக்கி வைத்துவிட்டு அவனுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். "நீங்க தண்ணிக்கு நீலம் பூசுற ஒவ்வொரு தடவையும் என் தம்பி அதுல குதிக்கிறான். எனக்கு இருக்கிறது அவன் ஒருத்தன். அவன் போயிட்டான்னா அவன் முகத்துக்கு என்ன நிறம் பூசுவீங்க, சொல்லுங்க."

"வாயில நல்லதே வராதா உனக்கு?" என்று எழுந்து போனான் பொனிமான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நெடுஞ்சாலைப் படத்துக்காகக் கிழக்குக் குன்றின் மேல் ஏறினான். அதிசயமாக வானம் வெளுத்திருந்தது. கீழே கடல் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் அந்தச் சந்து மட்டும் கரும்பட்டுத் துணி போல வழுவழுவென்று கிடந்தது. அவனே அசந்து போனான். காற்று காதை அடைத்தது. கீழே யார் கத்துகிறார்கள், யார் ஓடுகிறார்கள் என்று அவன் பார்க்கவில்லை. படச் சட்டத்துக்குள் மணலே விழாதபடி கடலை மட்டும் எடுத்துக்கொண்டு, பின்பக்க ஒற்றையடிப் பாதை வழியாகக் கொட்டகைக்கு இறங்கினான்.

படம் திரையில் விரிந்தது. ஒரு வேலையும் பாக்கி வைக்காத படம். நீலம் பூச வேண்டாம், அலையை அடக்க வேண்டாம். சந்து முடிகிற இடத்துக்கு அப்பால், மேற்குப் பாறைப் பக்கமாக, ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் உறுத்தியது. லென்ஸில் மணல் ஒட்டியிருக்கும் என்று நினைத்தான். ஒரு சொடுக்கில் துடைத்தான். கடல் சுத்தமாகிவிட்டது.

"தர்சினி! இங்க வந்து பாரு!"

அவள் வாசலில் வந்து நின்றாள். கையெல்லாம் மாவு.

"சிவப்பு பனியன் போட்ட கூட்டம் ஒண்ணு சந்துல இறங்கிடுச்சு. ஜாரோத் போய் எல்லாரையும் அலைப் பக்கம் தள்ளிவிட்டான். அவங்க கரையேறிட்டாங்க. அவனைக் காணோம். படகு கிழக்க தேடிட்டிருக்கு. நீங்க மேல இருந்து பார்த்தீங்களா? என் தம்பியைப் பார்த்தீங்களா?"

பொனிமான் திரையைப் பார்த்தான். அப்பழுக்கில்லாத கடல்.  மவுஸைப் பிடித்து, துடைத்ததைத் திரும்பக் கொண்டுவந்தான். புள்ளி வந்தது. பெரிதாக்கினான். ஒரு தலை. அதன் பக்கத்தில் தூக்கிய ஒரு கை.

அவன் போட்ட சத்தம் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டி, குதிரை வண்டிகளைத் தாண்டிக் கேட்டது. "மேற்க! பாறைக்கு அந்தப் பக்கம்! மேற்கடா!" கத்திக்கொண்டே மணலில் ஓடினான், விழுந்தான், எழுந்து ஓடினான். பேனர் கம்பத்தில் கட்டியிருந்த வாகினெமின் பனியனை உருவிப் படகைப் பார்த்து வீசினான். படகு திரும்புவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஜாரோத் பாறைக்குப் பின்னால் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தான். கை ஓய்ந்துவிட்டது, மூச்சு ஓயவில்லை. கரையில் போட்டதும் கடலில் பாதியை வாந்தியெடுத்தான். தர்சினி அவன் கன்னத்தில் ஒன்று விட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

"எப்படி மச்சான் கண்டுபிடிச்சீங்க?" என்றான், பேச வந்ததும்.

"படத்துல இருந்தே," என்றான் பொனிமான். அதைத் துடைத்ததைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்த தர்சினியும் சொல்லவில்லை. பொனிமான் மணலில் உட்கார்ந்து, ஊரே பார்க்க, குழந்தை போல விக்கி விக்கி அழுதான்.

மறுநாள் காலை அவனே போய்ப் பச்சைச் சட்டைக்காரனை இறக்கினான். அந்த இடத்தில் புதுப் படத்தை ஏற்றினான். நீலம் பூசாதது, எதையும் அடக்காதது, புள்ளியோடு கூடியது. கீழே "இந்த அமைதியான இடம்தான் ஆளைக் கொண்டுபோகும்" என்று எழுதினான்.

பாக் சுரோசோ குழுவோடு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இத்தனை நாளா இந்தத் திறமையை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க பொனிமான்? இதை ஏன் மணல்ல வச்சு வீணாக்கிறீங்க? நெடுஞ்சாலைக்குப் போகட்டும். கீழ இருக்கிற எழுத்தை மட்டும் எடுத்துடலாம்."

"இது ஆபத்து பேனர், பாக்."

"இதுல ஆபத்து எங்கய்யா இருக்கு? எனக்கே இறங்கிக் குளிக்கணும் போல இருக்கு."

பொனிமான் விரலால் தொட்டுக் காட்டினான். பாக் சுரோசோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"அட, ஆமா. நல்லவேளை காட்டினீங்க. அழுக்கு. தொடைச்சிடுங்க."

பொனிமான் வாயைத் திறந்தான். எந்த முகத்தோடு அவரைக் கோபித்துக்கொள்வது? நேற்று அவனும் இதையேதான் துடைத்தான்.

பின்னாலிருந்து தர்சினி வந்தாள், எண்ணெய் சொட்டுகிற ஜல்லிக் கரண்டியோடு.

"அந்த அழுக்கு நேத்து என் வீட்டுல உட்கார்ந்து ரெண்டு தட்டு சோறு தின்னுச்சு பாக்," என்றாள். "எங்க, தொடைங்க பார்ப்போம்."