அட்மிரல் வீட்டு இருட்டு

ஓய்வு பெற்ற ரியர் அட்மிரல் வர்த்தமான் செஞ்சியில் காரை விட்டு இறங்கியபோது சித்திரை மாதம், காலை பத்தரை மணி. அவரைச் சுற்றிப் பத்தடிக்கு மட்டும் ராத்திரியாக இருந்தது. ராஜகிரிப் பாறை அனலாய்க் காய்ந்துகொண்டிருந்தது. அவர் உள்ளே போனதும் வீடும் இருண்டது. மின்வாரியத்து நெடுமாறன் வந்து பார்த்து, லைனில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காரணம் வர்த்தமானுக்குத் தெரியும். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தபின் ஒரு வாய் சோறு ஆகாது. அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கியில் என்ஜின் அதிகாரியாகப் போனவர், கடலுக்கடியில் சூரியனே இல்லை, அப்புறம் அஸ்தமனம் ஏது என்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு எந்நேரமும் சாப்பிட்டார். படித்த மனுஷன் செய்கிற வேலையா இது? அந்தக் கப்பலோ மாதக்கணக்காய் மேலே வராதது. அப்படிப்பட்ட என்ஜின்கள் அத்தனைக்கும் மேலதிகாரியாகி, முப்பத்து நாலு வருஷம் ஓடிப்போனது. அடியில் அவர் ஏமாற்றிய பொழுதெல்லாம் இப்போது கூடவே வந்துவிட்டது. அடியில் கிடந்த நாள் எத்தனையோ, அத்தனை நாள் கழிந்தால்தான் விடியும்.

மனைவி லீலாவதி அத்தனை வருஷமும் தனியாகச் சாப்பிட்டவள். அவர் வந்தபின் அவரோடு மட்டுமே உண்பதென்று மேல்சித்தாமூர் சமண மடத்தில் விரதம் எடுத்திருந்தாள். அவர் பழக்கத்தில் இருட்டிலேயே சாப்பிட்டார், அவளுக்கோ அது ராத்திரிச் சாப்பாடு, முடியவில்லை. தாகத்துக்கு எதிர்வீட்டு வெயிலில் போய் நின்று தண்ணீர் குடித்தாள். சர்க்கரை வியாதிக்காரி வேறு. பாவம்.

"எத்தினி நாளுன்னு மட்டும் சொல்லுங்க. பத்து நாள்னா பொறுத்துக்கறேன். வருஷக்கணக்குன்னா மடத்துல போய் விரதத்த விட்டுடறேன்" என்றாள்.

"அடியில கிடந்த நாள் கணக்கு கடற்படை ரகசியம். வீட்டுலகூடச் சொல்லக் கூடாதது, லீலா" என்றார்.

நாளைக்கு விடிந்துவிடும் என்று அவளும் தினம் நினைத்தாள். எதிர்வீட்டு ஜெயஸ்ரீ கஞ்சி கொண்டுவந்து கெஞ்சியும், மடத்திலிருந்து ஆள் வந்து பேசியும் பலனில்லை. இருபத்தாறாம் நாள் அடுப்படியில் சாய்ந்தாள். வர்த்தமான் அவள் தலையை மடியில் போட்டுக்கொண்டு, காதோரம் குனிந்து, "நாலாயிரத்து நூத்திப் பதினேழு" என்றார். வாசலில் நின்ற ஜெயஸ்ரீக்குக் கேட்டது. லீலாவதிக்குக் கேட்கவில்லை.

ஆயிற்று, அவள் போய் இரண்டு வருஷம். கேஸ்காரர் டார்ச்சோடு வருகிறார். ஜெயஸ்ரீ அந்த வீட்டு இருட்டு விழும் பக்கம் வடகம் காயப்போடுவதில்லை. மற்றபடி தெருவில் யாருக்கும் தொந்தரவு இல்லை.