அக்காவின் பத்து சர்வ்

அக்காவுக்குப் பத்து சர்வ். அதில் ஏழு பந்தாவது கோட்டுக்குள் விழ வேண்டும். விழுந்தால் தொழிற்சாலையின் வாலிபால் அணியில் மறுபடியும் இடம். இல்லையென்றால், முப்பத்தாறு வயதுக்காரியை இன்னொரு தேர்வுக்கு யார் கூப்பிடப் போகிறார்கள், நீங்களே சொல்லுங்கள். தோளில் அறுவை சிகிச்சை முடிந்த பிறகு, அந்தக் கையை ஆதியிலிருந்து பழக்கியவள் தங்கை. அக்காவுக்கு அவள்தான் பயிற்சியாளர். இப்போது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

முதல் பந்து நெட்டில் மோதியது. அக்கா சட்டென்று திரும்பித் தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

இரண்டாவதும் நெட். மறுபடியும் அதே பார்வை.

ஸ்கோர் எழுதுகிறவர் குனிந்து கேட்டார். "என்ன கோச்சம்மா, உங்க அக்கா பந்தைப் பாக்காம உங்களையே பாக்கறாங்க? முகத்துல ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீங்களா?"

தங்கைக்குத் திக்கென்றது. எட்டு மாதமாக அதே கூத்துதானே! பந்து தரையைத் தொடுமுன்னே "முழங்கை இறங்கிடுச்சு", "இப்ப சரி", "ஐயோ, தோளு" என்று அடிக்கு ஒரு தீர்ப்பு சொன்னாள். வாய் ஓய்ந்தால் புருவத்தால் சொன்னாள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துத்தான் செய்தாள், பாவம். இப்போது அக்காவின் கை எப்படிப் போனதென்று அக்காவுக்கே தெரியவில்லை.

தங்கை எழுந்தாள். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"ஏய் குட்டி! இந்தப் பக்கம் திரும்பு!"

"மாட்டேன்க்கா. நீ அடி."

"கை எப்படிப் போகுதுன்னு யாரு சொல்றது?"

"உன் கையையே கேளு."

"வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!"

மூன்றாவது பந்து. "வெளியே!" என்றார் நடுவர். இனி ஒன்றுகூடத் தவறக் கூடாது. சுவரில் பெயின்ட் உரிந்த இடத்தையே வெறித்தாள் தங்கை. நாமே கழுத்தை அறுத்துவிட்டோமோ? திரும்பிவிடலாமா?

"தோளு முந்திக்கிச்சு," என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. அக்காதான். யாரும் சொல்லாமலே!

நான்காவது. "உள்ள," என்றாள் அக்கா. அதன் பிறகுதான் பந்து தொப்பென்று விழுந்தது. ஐந்தாவதற்கும் அப்படியே. ஆறு, ஏழு, எட்டு. தங்கையின் உள்ளங்கையில் நகம் பதிந்துவிட்டது.

ஒன்பதாவதற்கு அக்கா "ஐயோ" என்றாள்.

"கோட்டு மேல விழுந்துச்சு, கோச்சம்மா. செல்லும்," என்றார் ஸ்கோர்க்காரர்.

பத்தாவது. கை படும் சத்தம். "உள்ள." தொப். கைதட்டல்.

தங்கை மெல்லத் திரும்பினாள். அக்கா தேர்வுக்குழுவின் மேசையருகே நின்று, ஒன்பதாவது பந்தில் மணிக்கட்டு எப்படிப் பிசகியது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கிக்கொண்டிருந்தாள். ஏழு விழுந்தாயிற்று, இடமும் கிடைத்தாயிற்று. ஆனாலும் தங்கை அந்தப் பழைய பார்வைக்காகச் சுவரோரமே காத்து நின்றாள். அக்கா இந்தப் பக்கம் ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.